இங்க் பேனாவில் பெய்த மழை

வெயிலைத் தவிர வேறெதுவும் தாராளமாகக் கிடைக்காத வல்லகுளத்தில், மெயின் பஜார் அரிசிக்கடை மாடியில், ஞானப்பூ என்று ஒருத்தி குடியிருந்தாள். வயது நாற்பத்தாறு. இருபத்தைந்தாவது வயதில் பெண் பார்க்க வந்தவன் அவள் வரைந்த படத்தைக் கையில் வாங்கி, "அப்படியே போட்டோ மாதிரி இருக்கு" என்று மெச்சினான். போட்டோதான் வேண்டுமென்றால் ஸ்டுடியோவுக்குப் போக வேண்டியவன் இங்கே எதற்கு வந்தான் என்று அம்மாவிடம் கேட்டு அந்தச் சம்பந்தத்தை அன்றைக்கே முடித்தாள். பிறகு வந்தவர்கள் படத்தைப் பார்க்கவே இல்லை, ஆகவே அவர்களை அவளும் பார்க்கவில்லை. பாடப்புத்தகங்களுக்குப் படம் போட்டுக் கொடுப்பது அவள் பிழைப்பு. தவளையின் குடல், செம்பருத்தியின் குறுக்குவெட்டு, ஏர் பூட்டிய மாடு, எல்லாம் கறுப்புக் கோட்டில். அந்த வட்டாரத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் அவள் போட்ட தவளையைப் பார்த்துத்தான் தவளையை அறிந்தார்கள், அறிந்த கையோடு அதற்கு மீசையும் வரைந்தார்கள், அது அவளுக்குத் தெரியும், அதனால் பிள்ளைகளையும் அவளுக்குப் பிடிக்காது.

அவள் வரைந்தது கட்டைப்பேனாவில். மரக்கட்டையின் நுனியில் நிப்பைச் செருகி, மைக்கூட்டில் முக்கி, மை தீர்ந்ததும் நிப்பைத் தண்ணீரில் அலசி, துணியில் துடைத்து, மறுபடி முக்கி வரைய வேண்டிய பேனா. அழுத்தினால் கோடு தடிக்கும், விட்டால் மயிரிழையாக மெலியும். சட்டைப்பையில் இங்க் பேனா குத்திக்கொண்டு நடமாடும் ஆண்களைக் கண்டால் அவள் உதடு தானாகக் கோணும். அழுத்தினாலும் ஒரே தடிமன், அழுத்தாவிட்டாலும் அதே தடிமன் என்று எந்தக் கேள்விக்கும் ஒரே பதிலைச் சொல்லும் பேனாவை வைத்திருப்பவன், தானும் அப்படிப்பட்டவனாகத்தான் இருப்பான் என்பது அவள் முடிவு. வல்லகுளத்தைப் பொறுத்தவரை அந்த முடிவில் பெரிய தவறு இல்லை.

ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், பகல் மூன்று மணிக்கு, மூன்றாம் வகுப்புப் புத்தகத்தின் 'மழை' என்ற பாடத்துக்காக ஒரு தெருவை வரைந்து முடித்துவிட்டு, அதன்மேல் மழையை இறக்கத் தொடங்கினாள். வானத்தில் நிப்பை வைத்து, மூச்சைப் பிடித்து, தரைவரைக்கும் ஒரே இழுப்பாக ஒரு கோடு. அந்தக் கோடு தரையைத் தொட்டபோது பஜாரில் மழை பெய்யத் தொடங்கியது. பதினாலு கோடு இழுத்ததும் மை தீர்ந்தது, மழை நின்றது. அலசித் துடைத்து முக்கினாள்; மழை வந்தது. பதினாலு கோடு, நின்றது. எதிரே இஸ்திரி வண்டி வைத்திருந்த கொம்பையா, வெள்ளைச் சட்டையை மூடுவதும் திறப்பதுமாக அலைந்து, ஆறாவது தடவை அண்ணாந்து பார்த்தபோது வானத்தைப் பார்க்காமல் மாடி ஜன்னலைப் பார்த்தான். கை இறங்கும்போது மழை இறங்கியது. கை மைக்கூட்டுக்குப் போனபோது நின்றது.

"படக்காரம்மா," என்று கீழிருந்து கூப்பிட்டான், "இந்தச் சட்டைய முடிச்சுக்கிடுறேன், கொஞ்சம் நேரங்கழிச்சு முக்குங்க."

அவள் அவனையும் ஜன்னலுக்கு வெளியே நனைந்த தெருவையும் பார்த்தாள். தன் கோடுகளைப் போலவே மழையும் மேலே மெலிந்து நடுவில் தடித்து கீழே கூராக இறங்கியதைக் கண்டாள். சரியாகத்தான் பெய்கிறது என்று நினைத்துக்கொண்டு நிப்பைத் துடைக்கப் போனாள்.

வல்லகுளத்துக்காரர்கள் அதிசயத்தை அதிசயமாக வைத்துக்கொள்ளத் தெரியாதவர்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடமே கடைக்குப் போய் வரச் சொல்லிவிடுவார்கள். பாடத்துக்கு இன்னும் பல மழைப்படங்கள் வேண்டியிருந்ததால் அவள் தினமும் வரைந்தாள், ஒரு வாரத்துக்குள் ஊர் அந்த மழைக்குள் குடியேறிவிட்டது. அதுவரை தெருமுனைக்குப் பேராக இருந்த 'முக்கு' என்ற சொல் கால அளவாகவும் ஆயிற்று. "ரெண்டு முக்குல வந்திருதேன்" என்று சொல்லிவிட்டு ஆட்கள் வெளியே போனார்கள். ஒரு முக்கில் பால் வாங்கினார்கள், ஒரு முக்கு முடிந்ததும் துணி காயப்போட்டு அடுத்த முக்குக்குள் எடுத்தார்கள், கல்யாண ஊர்வலம் ஒன்று முக்குக்கு முக்கு நின்று நின்று பெருமாள் கோயிலிலிருந்து மண்டபம்வரை போய்ச் சேர அரை நாள் எடுத்துக்கொண்டது. வேறு யாராவது வரைந்தாலும் பெய்யுமா என்று பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டரை உட்காரவைத்துப் பார்த்தார்கள். அவர் கோட்டுக்குத் தூறல்கூட விழவில்லை, அதில் ஞானப்பூவுக்கு வியப்பும் இல்லை. மழை ஏன் அவள் கைக்குப் பெய்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஏன் நிற்கிறது என்றுதான் கேட்டார்கள்.

நிற்பதுதான் சங்கடம். ஒரு முக்குக்கும் அடுத்த முக்குக்கும் நடுவே வெயில் வந்து, விழுந்த அத்தனையையும் உறிஞ்சிவிட்டுப் போனது. ஊர் நனைந்தது, கண்மாய் நிரம்பவில்லை. புரட்டாசி பிறந்ததும் நகராட்சித் தலைவர் ஆத்தியப்பன் நான்கு பேரோடு மாடியேறி வந்தார். மூடி தங்க நிறத்தில் மின்னும் இங்க் பேனா ஒன்று அவர் சட்டைப்பையில் இருந்தது.

"ஊருக்கே தண்ணி இல்ல," என்றார். "நீங்க பேனாவ மட்டும் மாத்துனாப் போதும். இந்தாங்க, என் பேனாவையே வச்சுக்கிடுங்க. ஒருவாட்டி மை ஊத்துனா நாப்பது பக்கம் எழுதலாம்."

"நாப்பது பக்கம் என்னத்த எழுதுனீங்க?" என்று கேட்டாள் ஞானப்பூ.

ஆத்தியப்பன் யோசித்தார். கையெழுத்தைத் தவிர வேறெதுவும் நினைவுக்கு வரவில்லை. கூட வந்தவர்கள் அவரைக் காப்பாற்றும் விதமாக, அம்மா ஒருமுறை பேனாக்கடைக்கு வந்து எது பிடிக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளட்டும், நகராட்சி வாங்கித் தரும் என்றார்கள். அவள் போனாள். வேண்டாம் என்பதைக் கடையிலேயே வைத்துச் சொல்ல வேண்டும் என்று போனாள்.

பேனாக்கடை செல்லையா ஒன்பது பேனாக்களில் மை நிரப்பி வரிசையாக வைத்திருந்தார். கடைக்கு வெளியே ஊர் நின்றது. அவள் ஒவ்வொன்றாக எடுத்து ஒவ்வொரு கோடு போட்டாள். முதல் பேனாவை, "வழுக்குது" என்று கீழே வைத்தாள். இரண்டாவதை, "இது கணக்கெழுத" என்றாள். மூன்றாவதை எழுதிப் பார்க்காமலே, கிளிப்பைப் பார்த்துவிட்டு, "இது பையில குத்திக்க" என்றாள். நான்காவதும் ஐந்தாவதும் ஆறாவதும் ஒரே மாதிரிக் கோட்டைப் போட்டன. மூன்றும் உடன்பிறந்தவை போலிருக்கிறது என்றாள்.

செல்லையா பொறுமைசாலி. "கட்டைப்பேனா சிந்துமேம்மா," என்றார்.

"சிந்தும். சிந்தாம வரையக் கத்துக்கிடணும்."

"மைக்கூட்டத் தட்டிவிட்டா படமே போச்சு. இது அப்படி இல்ல. பஸ்ல உக்காந்துகூட வரையலாம்."

"பஸ்ல உக்காந்து எதுக்கு வரையணும்?"

"அவசரத்துக்குத்தான்."

"அவசரத்துல வரைஞ்சத நான் பாத்திருக்கேன். பஸ்ல வரைஞ்ச மாதிரியேதான் இருக்கும்."

பிறகு அவள் தன் புட்டியிலிருந்த இந்தியன் இங்க்கை எடுத்துக் காட்டினாள். அரக்கு கலந்த அந்த மை காய்ந்தால் கல், தண்ணீர் ஊற்றினாலும் அசையாது, அதை இங்க் பேனாவுக்குள் விட்டால் இரண்டே நாளில் உள்ளே இறுகிப் பேனாவையே அடைத்துவிடும். ஆகவே இங்க் பேனாவுக்கு இங்க் பேனா மைதான், பள்ளிக்கூடப் பிள்ளைகள் சட்டையில் கொட்டி அம்மாக்கள் துவைத்து எடுக்கும் அதே மை. "அதுல நான் வரையுறதா இல்ல," என்று சொல்லிவிட்டு, விலகி வழிவிட்ட ஊருக்கு நடுவே வீட்டுக்குப் போனாள். அன்று சாயங்காலம் அவளுக்கு நன்றாகப் பசித்தது.

மூன்றாம் நாள் சுடலைவடிவு வந்தாள். கண்மாயை ஒட்டி இரண்டு ஏக்கரில் மிளகாய் போடுகிறவள், ஞானப்பூவை விட ஆறு வயது மூத்தவள். ஊரில் ஞானப்பூ மதித்த ஒரே ஆள் அவள்தான், அதற்குக் காரணமும் உண்டு. ஒருமுறை வத்தல் கொடுக்க வந்தவள், மேசையில் கிடந்த ஏர்மாட்டுப் படத்தைப் பார்த்து, "முன்னங்கால் மூட்ட பின்னாலயில்லா மடக்கி வச்சிருக்க, இந்த மாடு எப்பிடி நடக்கும்" என்று கேட்டாள். ஞானப்பூ பார்த்தாள். மாடு நடக்காதுதான். இருபத்தோரு வருஷத்தில் அவள் படத்தைப் பார்த்தவள் ஒருத்திதான் என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றியது.

"நாத்துக்கு முப்பத்தஞ்சு நாளாச்சு," என்றாள் வடிவு, உட்காராமலே. "இன்னும் பத்து நாள்ல நடணும். கண்மாய் நிறையலன்னா பிடுங்கி மாட்டுக்குப் போட்டுட்டு நான் திருப்பூருக்கு மக வீட்டுக்குப் போறேன். அங்க போனா திரும்ப மாட்டேன்."

"அந்தப் பேனாவுல வரைஞ்சா அது மழையா இருக்காதுக்கா. கம்பி மாதிரி இருக்கும்."

"கம்பியா விழுந்தாலும் தண்ணிதான?"

ஞானப்பூ கையிலிருந்த நிப்பைத் துணியில் துடைத்தாள்.

"நீ ஊரையே மூஞ்சியச் சுளிச்சுத்தான் பாப்ப," என்றாள் வடிவு. "பாத்துக்க. ஒன்னச் சொல்லிக் குத்தமில்ல, அவனுகளும் அப்பிடித்தான் இருக்கானுக. ஆனா சுளிச்சுக்கிட்டே வரைஞ்சு குடு. ஒன் மூஞ்சியவா நான் நடப்போறேன்."

மறுநாள் காலையில் ஞானப்பூ செல்லையா கடைக்குப் போய், ஒன்பதில் கடைசியாகக் கிடந்த, நிப்பு கொஞ்சமேனும் வளைந்துகொடுத்த பேனாவை எடுத்துக்கொண்டாள். கறுப்பு மை ஒரு புட்டியும் கொடுத்து, "பத்து வருஷம் நிக்கும்மா" என்றார் செல்லையா. அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். அந்த மையில் அவள் சிறுவயதில் வரைந்த கோழி ஒன்று ஜன்னலோரம் மாட்டியிருந்து, வெயிலில் நாற்பதே நாளில் டீத்தூள் நிறமாகி, அறுபதாம் நாள் வெறும் காகிதமாகிவிட்டிருந்தது. அதை இவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது, பேனா விற்கிறவனுக்கு மையைப் பற்றித் தெரியவில்லையென்றால் அது அவன் பாடு என்று நினைத்து, புட்டியைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

கதவளவு பெரிய காகிதத்தில் மூன்று நாள் வரைந்தாள். விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை கை எடுக்காமல் வரைந்தாள், விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை மழை விடாமல் பெய்தது. இடி இல்லை, காற்று இல்லை, சாரல் இல்லை. வானத்துக்கும் தரைக்கும் நடுவே ஒரே தடிமனில், ஒரே இடைவெளியில், தறியில் பாவு நூல் கட்டியது போல நேராக இறங்கியது. குடையைச் சாய்த்துப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லாத மழை. இதுவல்லவோ மழை என்று ஊர் கொண்டாடியது. முன்பு பெய்ததெல்லாம் ஒழுங்கில்லாத மழை என்று ஆத்தியப்பன் டீக்கடையில் உட்கார்ந்து விளக்கினார். மாடியில் ஞானப்பூ அந்த வழவழத்த நிப்பைப் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தி அழுத்தி இழுத்தாள், அழுத்தியும் அது தடிக்கவில்லை. மூன்றாம் நாள் மாலை கண்மாய் நிரம்பி வழிந்து மறுகால் பாய்ந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டு, படத்தை இன்னொரு தடவை பார்க்கக்கூடப் பிடிக்காமல் திருப்பி வைத்தாள்.

வடிவு நாற்றை நட்டாள். ஊர் விளக்கமாக நன்றி சொன்னது. கார்த்திகை பிறந்ததும் அந்தப் படத்தை நகராட்சி கேட்டு வாங்கிக்கொண்டு போய், சந்தன நிறச் சட்டம் போட்டு, கண்ணாடி மாட்டி, அலுவலக முகப்பில், மேற்கு பார்த்த சுவரில் ஏற்றியது. ஏற்றிய அன்று ஞானப்பூ கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு அந்த வழியாக வந்தாள். ஏணிமேல் நின்றிருந்த பியூன் கீழே பார்த்து, "சரியா இருக்காம்மா? எடதுபக்கம் கொஞ்சம் தூக்கணுமா?" என்று கேட்டான். பகல் இரண்டரை மணி. வெயில் கண்ணாடி முழுக்க விழுந்து கிடந்தது. ஆத்தியப்பன் வாசலில் நின்று, அவள் ஏதாவது புகழ்ந்து சொல்வாள் என்று எதிர்பார்த்துச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"சரியாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள்.

கார்த்திகை போய் மார்கழி பாதியில், கண்மாய்த் தண்ணீர் குறையவில்லை, ஆனால் வெளுக்கத் தொடங்கியது. மட்டம் அப்படியே நின்றது, குடத்தில் மொண்டால் குடம் கனக்கவில்லை. குடித்தால் வாய் நனைந்தது, தாகம் இருந்த இடத்திலேயே இருந்தது. வல்லகுளம் அதற்கும் பழகிக்கொண்டது. ஒரு சொம்பு குடித்த இடத்தில் மூன்று சொம்பு குடித்தார்கள், இடுப்பில் ஒன்று தலையில் ஒன்று என்றிருந்த பெண்கள் கனமில்லாததால் ஐந்து குடம் தூக்கினார்கள், ஆண்கள் அதைப் பார்த்து இந்தக் காலத்துப் பெண்களுக்கு வேலை எத்தனை லேசாகிவிட்டது என்றார்கள். தண்ணீர் தெளிந்துவிட்டது, இதைவிடச் சுத்தமான தண்ணீர் மாவட்டத்தில் இல்லை என்று ஆத்தியப்பன் போர்டு எழுதி வைத்தார். குளித்த எருமைகள் ஈரமில்லாமல் கரையேறின. கொம்பையா தண்ணீர் தெளித்துத் தேய்த்த சட்டைகளில் சுருக்கம் அப்படியே இருந்தது. சுருக்கம்தான் இப்போது வழக்கம் என்று வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். நகராட்சி முகப்பில் படம் டீத்தூள் நிறத்துக்கு வந்திருந்தது. அதை யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. தினம் பார்த்தவள் ஒருத்திதான். காய்கறி வாங்க அவள் சுற்றுவழியாக அந்தப் பக்கமே போய் வந்தாள், ஒவ்வொரு தடவையும் உதட்டைக் கோணிக்கொண்டு, இவர்களாக எப்போது கண்டுபிடிப்பார்கள் என்று பார்த்துக்கொண்டு.

தை மாதத்தில் சுடலைவடிவு மாடியேறி வந்து, முந்தியில் கட்டியிருந்ததை அவிழ்த்து மேசையில் கொட்டினாள். பழுத்த மிளகாய். ஒவ்வொன்றும் விரல் நீளம், நல்ல திரட்சி, சோற்றைப் போல வெள்ளை. ஞானப்பூ ஒன்றை எடுத்துக் கடித்தாள். காரம் இல்லை, மணம் இல்லை, கசப்புகூட இல்லை.

"ரெண்டு ஏக்கரும் இப்பிடித்தான்," என்றாள் வடிவு. "நேத்து நகராட்சிப் பக்கம் போனேன். ஒன் படத்த நின்னு பாத்தேன். மழையவே காணும்."

ஞானப்பூ கடித்த மிளகாயைக் கீழே வைத்தாள்.

"இது வெளுக்கும்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"வெயில்ல மாட்டுனத நீ பாத்தியா?"

"பாத்தேன்."

வடிவு நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்த வீட்டில் முதல் தடவையாக உட்கார்ந்தாள். ஏசவில்லை. வெள்ளை மிளகாய்களைக் காம்பு ஒரு பக்கமாக வரிசைப்படுத்தி வைத்தாள், நல்ல மிளகாயைச் செய்வது போலவே. "அவனுகளுக்குச் சொல்லல, சரி," என்றாள். "எனக்கு?"

ஞானப்பூ எத்தனையோ பேருக்கு எத்தனையோ சுருக்கென்ற பதில்களைக் கொடுத்திருக்கிறாள். பதிலுக்காக அவள் ஒருபோதும் தேடியதில்லை. இப்போது தேடினாள். ஏணிக்குக் கீழே நின்ற அந்தப் பகலை மறுபடி நினைத்துப் பார்த்தாள். ஆத்தியப்பன் இருந்தார், பியூன் இருந்தான், வெயில் இருந்தது. வடிவை அவள் நினைக்கவே இல்லை. அற்பர்கள் என்று மொத்தமாக ஒதுக்கிய கூட்டத்துக்குள், மாட்டின் காலைப் பார்த்த கண்ணையும் சேர்த்து ஒதுக்கியிருக்கிறாள். தன் வேலையைப் பார்க்காதவர்கள் என்று ஊரை இருபத்தோரு வருஷமாக இகழ்ந்தவள், தன் வேலை கண்ணெதிரே அழிவதை அறுபது நாள் வேடிக்கை பார்த்திருக்கிறாள். செல்லையாவையும் ஆத்தியப்பனையும் எடை போட்ட அதே தராசில் தன்னை வைத்துப் பார்த்தபோது, அவர்களைவிடவும் அவளே எடை குறைந்து நின்றாள். 

எழுந்தாள். கட்டைப்பேனாவையும் ஏழு நிப்புகளையும் இந்தியன் இங்க்கையும் எடுத்துக்கொண்டு, வடிவு பின்னால் வர, நகராட்சிக்கு நடந்தாள். படத்தை இறக்கச் சொன்னாள். கண்ணாடியைக் கழற்றி, வாசல் படியில் பலகை போட்டு, காகிதத்தை விரித்தாள். கோடுகள் ஏறக்குறையப் போய்விட்டிருந்தன. ஆனால் பல்லைக் கடித்து அழுத்திய அழுத்தம் காகிதத்தில் பள்ளமாகப் பதிந்திருந்தது, சாய்வெயிலில் தலையைக் குனிந்து பார்த்தால் மட்டும் தெரிந்தது. ஆகவே காலையில் இரண்டு மணி நேரமும் மாலையில் இரண்டு மணி நேரமும், வெயிலிலேயே உட்கார்ந்து, அந்தப் பள்ளங்களுக்குள் ஒவ்வொரு கோடாகக் கட்டைப்பேனாவை இறக்கினாள்.

புது மழை பெய்யவில்லை. கண்மாயில், கோட்டுக்குக் கோடு, தண்ணீர் கனத்தது. கரையிலிருந்த பெண்கள் ஐந்தாவது குடத்தை இறக்கி வைத்தார்கள், பிறகு நான்காவதை. எருமைகள் சொட்டச் சொட்ட ஏறின. ஊர் வந்து சுற்றி நின்றது. ஆத்தியப்பன் குடை கொண்டுவந்து அவளுக்குப் பிடித்தார்.

"வெளிச்சத்த மறைக்காதீங்க," என்றாள்.

அவர் மடக்கினார். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "இது வெளுக்கும்னு எங்களுக்குத் தெரியாமப் போச்சே," என்றார்.

"நான் சொல்லல," என்றாள் ஞானப்பூ, தலையைத் தூக்காமல். "எனக்குத் தெரியும். சொல்லியிருக்கணும்."

அப்படி ஒரு வாக்கியத்தை அவள் வாயிலிருந்து ஊர் கேட்டதில்லை. அதை என்ன செய்வதென்று தெரியாமல் ஆத்தியப்பன் உள்ளே போய்விட்டார். பிறகு வெளியே வந்து, யாரையும் பார்க்காமல், 'சுத்தமான தண்ணீர்' போர்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்.

பதினோரு நாள் ஆயிற்று. மூன்றில் ஒரு பங்குக் கோடுகளுக்குப் பள்ளமும் பிடிபடவில்லை. இல்லாத இடத்தில் இட்டுக்கட்டி இழுக்க அவள் கை ஒப்பவில்லை, வெறுமையாகவே விட்டாள். கண்மாயிலும் அந்த மூன்றில் ஒரு பங்கு இல்லாமலேயே போயிற்று. பறித்த மிளகாய் வெள்ளையாகவே இருந்தது. செடியில் புதிதாக வந்த பூக்கள் காய்த்து, மாசியில் சிவந்தன. வடிவு திருப்பூருக்குப் போகவில்லை.

அந்தப் பதினோரு நாளும் சுடலைவடிவு காட்டு வேலையை முடித்துவிட்டு வந்து, படிக்கட்டில் அவளுக்கு இடப்பக்கமாக உட்கார்ந்து, மைக்கூடு சாயாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.  கடைசி நாள் கடைசிக் கோட்டை இழுத்து முடித்து, ஞானப்பூ நிப்பை அலசித் துடைத்து வைத்தபோது, வடிவு மைக்கூட்டின் மூடியைத் திருகி அவள் கையில் கொடுத்தாள்.

"அடுத்தவாட்டி ஏசணும்னா வாய் நிறைய ஏசிரு, ஞானப்பூ," என்றாள். "தெரிஞ்சத வச்சுக்கிட்டுப் பேசாம மட்டும் போகாத."

"சரிக்கா," என்றாள் ஞானப்பூ. விரல் பத்தும் கறுப்பாக இருந்தன. கண்ணைத் துடைக்கத் தூக்கிய கையை, மை அப்பிவிடும் என்று, பாதியிலேயே இறக்கினாள். வடிவு தன் முந்தியால் துடைத்துவிட்டாள், கொஞ்சம் அழுத்தமாகவே.